அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம்

1

'36 வயதினிலே' வெளியானபோது எனக்கு 38 வயது. 2015 மே 15, வெள்ளிக்கிழமை வந்த படத்தை அந்த ஞாயிற்றுக்கிழமையே மதியக் காட்சியில் பார்த்தோம். அலுவலகத் தோழிகள் நான்கு பேர். அசோக் நகரில் தலைக்கு மேல் மெட்ரோ பாலம் தயாராகியிருந்தது. ரயில் ஓடத் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. நாங்கள் நால்வருமே காலையில் எழுந்து மதியச் சமையலை முடித்து, சாப்பாட்டு மேஜையில் மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்திருப்போம். படத்தின் முடிவில் வசந்தி தலைநிமிர்ந்து நின்றபோது நால்வரும் அழுதோம். வெளியே வந்ததும் ஒருத்தி சொன்னாள்: "நாமளும் ஏதாவது பண்ணணும்டி."

நான் பண்ணினேன். உடனே அல்ல. 2019இல் மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டிலிருக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பதினாறு வருடம் கணக்குப் பிரிவில் பார்த்த வேலையை விட்டேன். 2020 ஊரடங்கில் எங்கள் அடுக்ககத்திலிருந்த வயதானவர்களுக்கு இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். அது வாட்ஸ்அப்பில் பரவி, கே.கே. நகர், வடபழனி, மாம்பலம் என்று போய், இன்று மாதம் நூறு, நூற்றிருபது கிலோ வரை பொடி, புளிக்காய்ச்சல், கோடையில் வடாம் என்று ஒரு தொழிலாக நிற்கிறது.

சென்ற மே மாதம் ஓர் இரவு, கூரியருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். 48 வயதில். இம்முறை அழவில்லை. கணக்குப் பார்க்கும் பழைய பழக்கம் தலைதூக்க, வசந்திக்கு எந்த நேரத்தில் நேரம் கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன். விடை கிடைத்தபோது கையிலிருந்த டேப் உருளையைக் கீழே வைத்துவிட்டேன். கணவனும் மகளும் விமானம் ஏறிய பிறகுதான் அவளுக்கு நேரம் கிடைக்கிறது.

2

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். வசந்தி வருவாய்த் துறையில் ஓர் எழுத்தர். கணவன் தமிழ்ச்செல்வன் அயர்லாந்துக்குப் போக முயல்கிறான். வசந்திக்கு அங்கே வேலை கிடைப்பதற்கு அவளது வயதே தடையாகிறது. குடியரசுத் தலைவரைச் சந்திக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் வருகிறது. அங்கே மயங்கி விழுந்து ஊர்ச்சிரிப்பாகிறாள். கணவனும் மகளும் அவளை விட்டுவிட்டு அயர்லாந்துக்குப் போகிறார்கள். கல்லூரிக் காலத் தோழி சூசன் வந்து, ஒரு காலத்தில் நீ யாராக இருந்தாய் என்று நினைவூட்டுகிறாள். வசந்தி மொட்டைமாடியில் விளைவித்த காய்கறிகள் ஒரு பெரிய கல்யாணத்துக்குக் கேட்கப்படுகின்றன. அங்கிருந்து அவளது இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது.

இந்தப் படத்தைக் குறைத்துப் பேசுவது எனக்கு நோக்கமில்லை. ரோஷன் ஆண்ட்ரூஸ் 2014இல் மலையாளத்தில் மஞ்சு வாரியரை வைத்து எடுத்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' படத்தை அவரே தமிழில் எடுத்தார். இரண்டு மொழியிலும், திருமணத்துக்குப் பின் பல வருடம் திரையை விட்டு விலகியிருந்த ஒரு நடிகை இந்தக் கதையோடு திரும்பி வந்தார். நாற்பதை நெருங்கும் நாயகர்கள் கல்லூரி மாணவனாக நடித்துக்கொண்டிருந்த தமிழ்த் திரையில், தலைப்பிலேயே தன் வயதைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் நின்றது சிறிய விஷயமல்ல. கூந்தலில் நரை, மகளின் எரிச்சல், அலுவலகத்தின் கேலி இவையெல்லாம் கூசாமல் காட்டப்பட்டன.

ஆனால் நடுவயதுப் பெண்ணின் முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் படம் சொல்லும் பதில் "அவள் மனத்தில்" என்பதே. அவள் தன்னம்பிக்கையை இழந்துவிட்டாள், கனவை மறந்துவிட்டாள், தோழி வந்து தட்டி எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு எல்லாம் நடக்கிறது. விதை வாங்க, மண் கலக்க, தண்ணீர் ஊற்ற, கல்யாண வீட்டில் பேரம் பேச, அடுத்த தெருவரை நடந்து போய் ஆட்களைச் சேர்க்க அவளுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று படம் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம். இரவு ஒன்பதுக்குக் கணவனுக்குச் சப்பாத்தி சுட வேண்டாம். அவளை நிராகரித்து விட்டுப் போன அதே பயணம்தான் அவளுக்கு நாளின் ஐந்து மணி நேரத்தையும் திருப்பித் தந்தது. திரைக்கதை அதைச் சோகமாகக் காட்டுகிறது. அதன் பலனை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. அதோடு, வசந்திக்கு மாதச் சம்பளமும் வருகிறது. காய்கறி வாடிப்போனாலும் வீட்டு வாடகைக்குத் திண்டாட வேண்டியதில்லை.

3

இதே தேடலோடு வேறு இரண்டு படங்களைத் திரும்பப் பார்த்தேன்.

கௌரி ஷிண்டேவின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) படத்தில் ஸ்ரீதேவி நடித்த சசி, வீட்டிலிருந்தே லட்டு செய்து விற்பவள். தொழில் முனைவோர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அவளை அப்படி அழைக்கவும் மாட்டார்கள். அவளுக்கு ஆங்கிலம் கற்க நான்கு வாரம் கிடைக்கிறது. எப்படி? அக்கா மகள் கல்யாணத்துக்கு உதவியாக, குடும்பத்துக்கு முன்பே அவள் தனியாக நியூயார்க் போவதால். இங்கே குடும்பம் போகவில்லை, பெண் போகிறாள். அங்கேயும் வீடு அவளை விடுவதில்லை. வகுப்புத் தோழர்களுடன் வெளியே இருந்த நேரத்தில் மகனுக்கு அடிபட, குற்றவுணர்ச்சியில் வகுப்பையே விட்டுவிடுகிறாள். கடைசித் தேர்வு நாளில் கல்யாண லட்டுகள் கொட்டிப்போக, தேர்வை விட்டுவிட்டு லட்டு பிடிக்க உட்காருகிறாள். படம் அதைத் தியாகமாகக் கொண்டாடுகிறது. வீடு நிறைய உறவினர் இருக்கையில் கொட்டிய லட்டை இன்னொரு கை பிடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பொடிக்கு வறுத்துக்கொண்டே வீட்டு வேலையும் பார்ப்பவளுக்கு இப்படித்தான் தோன்றும்.

மூன்றாவது, ராதா மோகன் இயக்கிய 'காற்றின் மொழி' (2018). இந்தியில் வந்த 'தும்ஹாரி சுலு'வின் மறு ஆக்கம். இதில் யாரும் எங்கும் போகவில்லை. கணவன், மகன், மனைவி மூவரும் ஒரே வீட்டில் இருக்க, அவளுக்கு வானொலியில் இரவு நிகழ்ச்சி கிடைக்கிறது. என்ன நடக்கிறது? கணவனின் முகம் சுருங்குகிறது, மகனுக்குப் பள்ளியில் பிரச்சனை வருகிறது, அவள் வேலையை விடும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள்.

ஆக நம் கதைகளுக்கு மூன்று வழி தெரிகிறது. குடும்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது, பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவது, இரண்டும் முடியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு தண்டிப்பது. ஒரே வீட்டில், ஒரே செவ்வாய்க்கிழமையில், அவளது தொழிலும் உடம்பும் பிள்ளையும் மாமியாரும் சேர்ந்து இருக்கும் ஒரு நாளை இந்தக் கதைகளால் கற்பனை செய்ய முடியவில்லை. காரணம் எளிது. அந்த நாள் நடக்க வேண்டுமானால் வேறு யாரோ சப்பாத்தி சுட வேண்டும். நாயகன் சமையலறைக்குள் போய் தினமும் ஒரு மணி நேரம் நிற்பதை விட, அவனுக்கு அயர்லாந்துக்கு விசா எடுத்துக் கொடுப்பது திரைக்கதைக்குச் சுலபம்.

4

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1980களில் எழுதப்பட்ட கதை. அதில் யாரும் விமானம் ஏறுவதில்லை. அஜ்மீரில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அந்த வீட்டின் சமையலறையைப் பார்க்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மலை. அதை மறைத்துக்கொண்டு துணிக்கொடி. பாத்திரம் தேய்க்க வசதியில்லாத சின்னத் தொட்டி. வராந்தாவை நீட்டி, தொட்டியைப் பெரிதாக்கி, கொடியை இடம் மாற்றலாம் என்று மாமனாரிடம் சொல்கிறாள். நடப்பதில்லை. மாமியாரின் அதிகாரமெல்லாம் அந்த இருட்டு அறையில் இருக்கிறது. அந்த அதிகாரமே அவரைக் கட்டிப்போட்டும் இருக்கிறது.

மாணவியாக இருந்தபோது இந்தக் கதையைச் சுதந்திரம் பற்றிய கதையாகப் படித்தேன். இப்போது படிக்கும்போது அம்பை தொட்டியின் அளவைச் சொல்கிறார் என்பதுதான் கண்ணில் படுகிறது. பெண்ணுக்கு என்ன கனவு என்று கேட்கும் முன், ஒரு தட்டைக் கழுவ அவள் எவ்வளவு குனிய வேண்டும் என்று அந்தக் கதை பார்க்கிறது. நடுவயதில் தொழில் தொடங்கும் பெண்ணைப் பற்றிய எந்த எழுத்தையும் நான் இனி அந்த அளவுகோலால்தான் பார்ப்பேன். ஊக்கமூட்டும் பேச்சுகளில் கனவு வருகிறது, உழைப்பு வருகிறது, விடாமுயற்சி வருகிறது. தொட்டி வருவதில்லை.

தொட்டியின் அளவை நிமிடத்திலும் சொல்லலாம். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இலும் 2024இலும் நடந்தது. 2019இல், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்ததைச் சிலர் முன்னேற்றம் என்றார்கள். ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவள் இறக்கி வைத்த பத்து நிமிடத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

289 நிமிடம் என்பது ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம் குறைவு. வசந்திக்கு விமானம் தந்தது ஏறக்குறைய அதைத்தான்.

5

இனி என் கணக்கு.

தொழில் தொடங்கி இரண்டு வருடம் வரை நான் லாபம் பார்ப்பதாக நினைத்திருந்தேன். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், கேஸ், மாவு மில் கூலி, கவர், கூரியர். எல்லாம் எழுதி, விற்ற பணத்தில் கழித்தால் கிலோவுக்கு 90 ரூபாய் நிற்கும். ஒரு நாள் மகள் என் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, உன் சம்பளம் எங்கம்மா எழுதியிருக்க?"

பதினாறு வருடம் ஊரார் சம்பளப் பட்டியலை எழுதியவள் நான். என் பெயருக்கு ஒரு வரி போடவில்லை. கழுவிக் காயவைத்து, வறுத்து, ஆறவைத்து, மில்லுக்குப் போய் நின்று, சலித்து, நிறுத்துக் கட்டி, கேட்டவர்களுக்குப் பதில் போட்டு முடிக்க ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மணிக்கு 72 ரூபாய். நான் லாபம் என்று எழுதியது என் கூலி. அதுவும் குறைந்த கூலி.

இது என் தனிப்பட்ட மறதி இல்லை. வீட்டுக்குள் செய்வது வேலையில்லை என்று பழகிய கை, வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழிலையும் அப்படித்தான் எழுதுகிறது. 2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத் தொகை என்று வைத்தது. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். வீட்டில் நடப்பதும் உழைப்பு என்று அரசே எழுதிக் கொடுத்த சொல் அது. ஆனால் 289 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கி 1000 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. கணவன் வெளியே சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. சட்டம் சொத்தைப் பிரிக்கும்போதாவது அவளது நேரத்தை எண்ணியது. சொத்து பிரிபடாத வீடுகளில், காலை ஆறு மணியை யார் பிரிப்பது?

நோட்டில் என் கூலியை எழுதத் தொடங்கியபின் விலையைக் கூட்டினேன். சில வாடிக்கையாளர்கள் போனார்கள். "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானேம்மா" என்று சொன்னவரும் ஒரு பெண்தான். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடம் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்.

6

உடம்புக்கு வருகிறேன். இந்தப் பேச்சில் எல்லோரும் கடைசியாக வைப்பது அதைத்தான். நானும் கடைசியில் வைத்தேன், அதற்கு விலையும் கொடுத்தேன்.

46 வயதில் எனக்கு மாதவிடாய் தாறுமாறானது. பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று உதிரம் போனது. இந்த வயதில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று மாமியார் சொன்னார், அக்கா சொன்னாள், நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு ஆடியிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்தது. நவராத்திரி ஆர்டர் முடியட்டும், தீபாவளி முடியட்டும், மகளின் செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளினேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு மில் வாசலில் மயங்கி விழுந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை பதினோரு நாள் நான் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது.

குடியரசுத் தலைவர் முன் வசந்தி மயங்கி விழும் காட்சி எனக்கு இதற்குப் பிறகு வேறாகத் தெரிந்தது. படம் அதைப் பதற்றம் என்கிறது. 36 வயதில், இரண்டு இடத்திலும் வேலை பார்க்கும் ஒருத்தி மயங்கி விழுந்தால் அவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? ஊர் சிரித்தது, கணவனுக்கு அவமானமாயிற்று, தோழி வந்து மனத்தைத் தேற்றினாள். உடம்பை ஒருவரும் பார்க்கவில்லை.

தன்னைப் பேணுதல் என்ற சொல்லை இன்று விற்கிறார்கள். அசோக் நகரின் அவென்யூக்களில் நடந்தால் ஃபேஷியல், ஸ்பா, எடை குறைப்பு, 'உங்களுக்கான நேரம்' என்ற பலகைகள். அவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட ஒரு கை கிடைத்தால் எனக்கும் வேண்டும். ஆனால் இந்தச் சொல்லைப் பெண்ணிய அரசியலுக்குள் வலுவாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஆட்ரி லார்ட், 1988இல் வெளியான தன் நூலில் அதைப் பற்றி எழுதியபோது அவருக்குப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கறுப்பினப் பெண்ணான தன்னை உயிரோடு வைத்துக்கொள்வதே தன்னை அழிக்க நினைக்கும் அமைப்புக்கு எதிரான போராட்டம் என்பது அவரது வாதம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய ஸ்கேன் சீட்டும் அந்த வாதத்துக்குள் வரும். ஃபேஷியலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லும் எவரும், அந்த ஒரு மணி நேரத்தில் மாமியாருக்கு மாத்திரை யார் கொடுப்பது என்று சொல்வதில்லை. பெண்ணே நேரத்தைக் கண்டுபிடித்து, பெண்ணே செலவழித்து, பெண்ணே குற்றவுணர்ச்சியும் பட வேண்டும். எல்லா வேலையோடும் தன்னைப் பேணுவதும் இன்னொரு வேலையாகிறது.

7

மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் வீட்டில் பேசினோம். கணவர் நல்லவர். அந்தச் சொல்லே எவ்வளவு பெரிய தடை என்று பிறகு புரிந்தது. "நான் என்ன உதவி பண்ணணும்னு சொல்லு, பண்றேன்" என்றார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"உதவி வேணாங்க. சொல்றதே ஒரு வேலை. எது முடிஞ்சுது, எது தீர்ந்துபோச்சு, யாருக்கு எப்போ மாத்திரைன்னு என் தலையில ஓடிக்கிட்டே இருக்கு. அதுல பாதிய எடுத்துக்கோங்க."

காலை எட்டு மணி வரை சமையலறை அவருடையது, மாமியாரின் மருந்தும் மருத்துவரும் அவர் பொறுப்பு என்று எழுதி ஒட்டினோம். முதல் மாதம் ரசம் தண்ணீராக இருந்தது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். நான் உள்ளே போய்த் திருத்தவில்லை. அதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அம்பையின் கதையிலிருக்கும் மாமியாரைப் போல அந்த அறையின் அதிகாரத்தை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. இன்றும் பாதி வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்பேன்.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் ஜாபர்கான்பேட்டையிலிருந்து வருகிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். என் தொழில் வளர்ந்தபோது, மிளகாய்க் காம்பு கிள்ளவும் பொட்டலம் கட்டவும் அவரையே கேட்டேன். பல மாதம் அதற்கெனத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் புடவை கொடுத்தேன். என் மகள் என் நோட்டில் தேடிய வரி அவருக்கும் இல்லாமலிருந்தது. எனக்கு 'சமநிலை' கிடைத்த அந்த இரண்டு மணி நேரம் அவருடைய மாலையிலிருந்து வந்தது. அவர் தன் வீட்டுக்குப் போய்ச் சேர இரவு எட்டரை ஆகும். அங்கே இட்லிக்கு ஆட்ட வேண்டும். இப்போது மணிக்கூலி கொடுக்கிறேன். அதைப் பெருந்தன்மையாக எழுத எனக்கு உரிமையில்லை.

நடுவயதில் தொழில் தொடங்குவதை நடுத்தர வர்க்கப் பெண்கள் ஒரு மறுபிறப்பாகப் பேசுகிறோம். எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட் வாசலில் கீரை விற்பவருக்கும் இரவு இட்லிக் கடை போடுபவருக்கும் அது மறுபிறப்பு இல்லை, பிழைப்பு. ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியது அந்தப் பெண்களுக்காக. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஊக்கப் பேச்சு இல்லை, கந்துவட்டி இல்லாத கடன். அவர்களைப் பற்றி யாரும் '36 வயதினிலே' எடுக்கவில்லை. அவர்கள் தூங்கிக் கிடக்கவில்லை; எழுப்புவதற்குத் தோழி தேவைப்படவில்லை.

8

இவ்வளவும் சொன்ன பிறகும், அந்தப் படத்தில் ஒரு பகுதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்யாணத்துக்குக் கேட்ட அளவு காய்கறி வசந்தியின் ஒரு மாடியில் விளையாது. அவள் அக்கம்பக்கத்தாரிடம் போகிறாள். ஒவ்வொரு மாடியிலும் செடி வருகிறது. கதையின் மிகச் சரியான யோசனை அதுதான். படம் அதில் நிற்காமல் சீக்கிரம் நகர்ந்து, மேடை, கைதட்டல், குடியரசுத் தலைவர் என்று ஒருத்தியின் வெற்றிக்குப் போய்விடுகிறது. கணவன் அவளை அயர்லாந்துக்குக் கூப்பிடும்போது, அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகவே கூப்பிடுகிறான் என்று அவள் கண்டுகொண்டு மறுக்கும் இடமும் சரியானது. அதாவது படத்துக்கு விஷயம் தெரியும். தெரிந்ததைப் பேசாமல் கனவைப் பற்றிப் பேசுகிறது.

மாடிகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில் மாடி பொது இடம். முதல் கோடையில் நான் வடாம் பிழிந்தபோது சங்கக் கூட்டத்தில் ஆட்சேபம் வந்தது. வியாபாரத்துக்குப் பொது மாடியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இப்போது மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து பிழிகிறோம். சங்கத்துக்கு மாதம் ஒரு தொகை கட்டுகிறோம். நோட்டில் நான்கு பேருக்குக் கூலி வரி இருக்கிறது, ஜாபர்கான்பேட்டை அக்காவையும் சேர்த்து. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் காக்காய் ஓட்டுகிறோம். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்குள் பிழிந்து முடிக்க வேண்டும். ஏழு மணிக்குள் மூன்று வீட்டிலும் வேறு யாரோ அடுப்படியில் நின்றால்தான் அது நடக்கும். ஒரு வீட்டில் கணவர், ஒரு வீட்டில் மகன். ஒரு வீட்டில் யாரும் இல்லை. அவள் நான்கு மணிக்கே எழுந்து சமைத்துவிட்டு மாடிக்கு வருகிறாள். அவளிடம் எப்படிம்மா சமாளிக்கிறாய் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். கீழே தூங்கிக்கொண்டிருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

சென்ற வாரம் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கினேன். ஆர்டர் நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் எழுதி, அன்றைக்கு ஆர்டர் இல்லை என்று கோடு போட்டிருக்கிறேன். ஆவணி மாதம், முகூர்த்த நாள். எட்டு கிலோ புளிக்காய்ச்சல் கேட்டவருக்கு முடியாது என்று பதில் அனுப்பிவிட்டேன்.